கொழுந்துக் கறையும் ஒரு கம்பளித் தொப்பியும்

எங்கள் அம்மாயியின் விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கும். இரண்டு கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், நகக்கண் உட்பட. சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பார், தேசிக்காய்த் தோலால் தேய்ப்பார், கொஞ்சம் வெளிறும், முழுதாகப் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் சற்றுத் தெளிந்த விரல், திங்கட்கிழமை பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுத்துத் திரும்பினால் பழையபடி ஆகிவிடும். அந்தக் கறையைத்தான் இப்போது நான் வேண்டுமென்றே கம்பளி நூலில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அதை எப்படிச் செய்வது, அந்த நூலில் ஒரு வயதுக் குழந்தைக்கு எப்படி ஒரு தொப்பி பின்னுவது என்று இங்கே சொல்லித் தருகிறேன்.

நான் இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இருபது வருடத்துக்கு மேல் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தேன். விடியற்காலைக் குளிரில் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு மலைக்கு ஓடுவார்கள். பிள்ளையின் காது ஐஸ் மாதிரி இருக்கும். அந்தக் காதுகளுக்காகத்தான் தொப்பி பின்ன ஆரம்பித்தேன். கற்றுக்கொடுத்தவர் பெரியம்மா. அவர் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தபோது துரைசாணி பின்னுவதைப் பார்த்துப் பார்த்தே பழகியவர். ஊசிக்குக் காசு கிடையாது. மூங்கிலைச் சீவி, உடைந்த கண்ணாடியால் சுரண்டி வழவழப்பாக்கி, தேங்காய் எண்ணெய் பூசி அவரே செய்துகொண்டார். அதில் ஒரு ஜோடி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடை ஊசியைவிட அதில்தான் என் கை வேகமாக ஓடுகிறது.

முதலில் நூலைப் பற்றி. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடைக்குப் போய் "வூல் தாங்க" என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது கெட்ட நூல் இல்லை. விலை குறைவு, எப்படித் துவைத்தாலும் சுருங்காது, பின்னிப் பழகுவதற்கு நல்லது. ஆனால் இலை, பட்டை, தோல் என்று நாம் அவிக்கும் எந்தச் சாயமும் அதில் ஒட்டாது. சாயம் போட ஆட்டு ரோமக் கம்பளி வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமயிர் கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்துவிடும், மிஞ்சிய கரி விரலில் நசுக்கினால் தூளாகும். அக்ரிலிக் உருகும், ஆறியபின் கறுப்பு மணி மாதிரி இறுகிவிடும், நசுங்காது. பருத்தி கடதாசி எரிவது போல மணக்கும். மூன்றையும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால் மூக்கு மறக்காது.

சரி, உண்மையான கம்பளிக்கு எங்கே போவது? பேல் உடுப்புக் கடைகளுக்குப் போங்கள். வெளிநாட்டில் போட்டுக் கழித்த ஸ்வெட்டர்கள் குவியலாகக் கிடக்கும். உள்பக்கத் துண்டுச் சீட்டில் நூறு வீதம் கம்பளி என்று போட்டிருப்பதைத் தேடி எடுங்கள். முழங்கை ஓட்டையா, கழுத்து இழுபட்டிருக்கிறதா, பரவாயில்லை, நாம் பிரிக்கத்தான் போகிறோம். நிறம் மட்டும் வெள்ளை, சந்தனம், வெளிர்ச் சாம்பல் இப்படி இருக்கவேண்டும். கடும் நீலத்தில் தேயிலைச் சாயம் என்ன வேலை செய்யும்?

வாங்குவதற்கு முன் ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பிப் பக்கவாட்டுத் தையலைப் பார்த்தே ஆகவேண்டும். துணியை வெட்டி, ஓரத்தில் ஓவர்லொக் அடித்திருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். அதைப் பிரித்தால் ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகத்தான் வரும். ஓரம் வெட்டுப்படாமல், சங்கிலி மாதிரி ஒழுங்காக ஓடி, நடுவில் மெல்லிய நூலால் சேர்த்திருந்தால் அது பிரியும் உடுப்பு. இன்னொன்றும் பாருங்கள். வெந்நீரில் துவைத்துச் சுருங்கி, கண்ணிகள் தெரியாமல் மொத்தையாகிப்போன ஸ்வெட்டரைக் கடவுளாலும் பிரிக்க முடியாது.

பிரிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பக்கத் தையலையும் கைகளையும் பிளேட்டால் மெதுவாக விடுவித்து, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நான்கு துண்டாக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்வெட்டர்கள் கீழிருந்து மேலே பின்னப்பட்டவை. ஆகவே தோள்பட்டைப் பக்கத்தில் இருந்துதான் பிரியும். கீழிருந்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கும். தோளில் ஒரு நுனியைக் கண்டுபிடித்து இழுங்கள். முதல் இரண்டு மூன்று வரி முரண்டு பிடிக்கும், அப்புறம் சர்ரென்று ஓட ஆரம்பிக்கும். வெளியே மழை, வாசலில் ஒரு ஆள் கதிரையைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் நடந்து நடந்து அதன் முதுகில் நூலைச் சுற்ற, யாரோ எங்கோ ஒரு இயந்திரத்தில் பின்னிய உடுப்பு வரி வரியாகக் கரைந்துகொண்டே வரும். பின்னலின் கட்டுமானம் எப்படி என்பதைப் பின்னுவதைவிடப் பிரிக்கும்போதுதான் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அவ்வளவுதான் மொத்தமும்.

கதிரையில் சுற்றிய வளையத்தை நெசவுக்காரர்கள் சிட்டம் என்பார்கள். அதைக் கழற்றுமுன் நான்கு இடத்தில் வெள்ளைப் பருத்தி நூலால் எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகக் கட்டுங்கள். தளர்வாக என்பதை மறக்கவேண்டாம். இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளை வளையம் விழும். பிரித்த நூல் நூடில்ஸ் மாதிரி சுருண்டு கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷம்பூ கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். தலைமயிருக்கு நல்லது ரோமத்துக்கும் நல்லது. கசக்கவேண்டாம். அதே சூட்டுத் தண்ணீரில் அலசி, துவாயில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, கொடியில் தொங்கவிட்டு, கீழ் வளைவில் ஒரு ஈரத் துவாயைப் பாரத்துக்கு மாட்டிவிடுங்கள். சுருள் நீங்கிவிடும். எங்கள் பக்கத்து மூட்டத்தில் காய இரண்டு நாள் ஆகும். அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே கட்டினால் புகை மணம் நூலை விட்டுப் போகாது.

இனிச் சாயம். எங்கள் பக்கம் பால் ஊற்றாத தேத்தண்ணியைச் சாயத்தண்ணி என்றே சொல்வோம். பெயரிலேயே வேலை இருக்கிறது. 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை போட்டதில் இருந்து நம்முடைய ஆட்கள் அதைக் கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரலோடுதான் இருக்கிறார்கள். கறை ஏன் போவதில்லை என்பதற்குக் காரணம் எளிது. தேயிலையில் உள்ள துவர்ப்பு, அதாவது டானின், புரதத்தோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். தோல் புரதம், மயிர் புரதம், ஆட்டு ரோமமும் புரதம். கடும் சாயத்தண்ணி குடித்தால் நாக்கு வரண்டு இழுப்பதும் இதனால்தான், எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடிக்கிறது. ஆகவே கம்பளிக்குத் தேயிலைச் சாயம் ஏற்ற, சாயத்தை நூலோடு பிடித்துவைக்கப் போடும் படிகாரம்கூடத் தேவையில்லை.

நூறு கிராம் காய்ந்த நூலுக்கு ஐம்பது கிராம் டஸ்ட் தேயிலை போதும். வீட்டில் தேத்தண்ணி வடித்த சக்கையைக் காயவைத்துச் சேர்த்தால் செலவே இல்லை, ஆனால் அதில் நிறம் பாதி போயிருக்கும், இருநூறு கிராமாவது போடவேண்டும். சக்கையை நன்றாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், நூல் தாராளமாக மிதக்க ஐந்து லீற்றர் தண்ணீர் வேண்டும். எவர்சில்வர் அல்லது உடையாத எனாமல் சட்டி நல்லது. சாயத்துக்கென்று ஒதுக்கிய சட்டியில் பிறகு சமைக்கவேண்டாம். தேயிலையில் ஒன்றுமில்லை, ஆனால் நாளைக்கு அதே சட்டியில் படிகாரமும் இரும்பும் போடப்போகிறீர்கள்.

தேயிலையை ஒரு மணி நேரம் அவித்து, துணியில் வடித்து, வெதுவெதுப்பாகும் வரை ஆறவிடுங்கள். நூலை அரை மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு அதில் இறக்குங்கள். காய்ந்த நூலை இறக்கினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அப்புறம் சின்ன நெருப்பில் மெல்ல மெல்லச் சூடேற்றி, ஓரத்தில் சிறு குமிழி வரத் தொடங்கியதும் அதற்குமேல் விடாமல் முக்கால் மணி நேரம் வையுங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், கொழும்பில் மாதிரி நூறுக்குப் போகாது. ஆகவே மலையில் இருக்கிற நாம் குமிழியை நம்பி நேரத்தைக் கணக்குப் போட்டால் சரியாக வராது. பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வைப்பது என் வழக்கம். நெருப்பை அணைத்து, இரவு முழுக்கச் சட்டியிலேயே விடுங்கள்.

இந்த இடத்தில் நான் பட்ட அடியைச் சொல்லவேண்டும். என் முதல் சிட்டத்தைச் சூட்டோடு எடுத்து நேரே தண்ணீர்ப் பீலியில் கொண்டுபோய்ப் பிடித்தேன். தை மாதக் காலை, தண்ணீர் கல் மாதிரி குளிர். கையில் இருந்தது ஒரு நிமிடத்தில் சுருங்கி, நார் நாராக ஒன்றோடொன்று பிணைந்து, சட்டி பிடிக்கும் துணி மாதிரி ஆகிவிட்டது. ரோமத்தின் மேல் ஓட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் சேரும்போது அவை விரிந்து நிற்கும், அந்த நிலையில் திடீர்க் குளிரும் அலைச்சலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். பிறகு பிரியாது. ஐம்பது கிராம் நல்ல நூல் வீணாகிப் போனதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. சட்டி தானாக ஆறட்டும், அலசும் தண்ணீரும் நூலும் ஒரே சூட்டில் இருக்கட்டும், கிண்டவேண்டாம், கரண்டியால் அழுத்தி மட்டும் விடுங்கள்.

காலையில் மூடியைத் திறந்து சிட்டத்தைத் தூக்கும்போது சொட்டும் தண்ணீர் இன்னும் கறுப்பாகவே இருக்கும், நிறம் ஒன்றும் புரியாது. இரண்டு தடவை அலசியபின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காய்ந்த பின் கருப்பட்டிக்கும் பாலூற்றிய தேத்தண்ணிக்கும் இடைப்பட்ட ஒரு நிறம். கட்டு இருந்த இடத்தில் கொஞ்சம் வெளிர், வெளிப்பக்கம் கொஞ்சம் கடுமை. பின்னும்போது அந்த ஏற்ற இறக்கம் தொப்பியில் அலை அலையாக விழும். எனக்கு அதுதான் அழகு.

இதைக் கறுப்பாக்கவும் வழி உண்டு. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் செடியின் சாறு பட்ட இடம் மைக் கறுப்பாகிப் போவதைத் தோட்டத்தில் இருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. துருப்பிடித்த ஆணி ஒரு கைப்பிடி, வினாகிரி ஒரு கோப்பை, தண்ணீர் இரண்டு கோப்பை, இவற்றை ஒரு போத்தலில் இரண்டு வாரம் வையுங்கள். மூடியை இறுக்கவேண்டாம், உள்ளே வாயு சேரும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, தேயிலைச் சாயம் ஏறிய நூலைப் பத்து நிமிடம் முக்குங்கள். கண் முன்னே மழை மேகச் சாம்பலாக மாறும். ஆசைப்பட்டு இரும்பைக் கூட்டினால் நூல் முரடாகி நாளடைவில் நொறுங்கும். குழந்தைத் தொப்பியின் விளிம்பில் இரண்டு வரிக்கு மட்டும் நான் இந்தச் சாம்பலைச் சேர்ப்பேன்.

தேயிலைக்கு அடுத்து என் நம்பிக்கை பம்பாய் வெங்காயத் தோல். கொத்து ரொட்டிக் கடையில் சொல்லி வைத்தால் ஒரு வாரத்தில் ஒரு பை நிறையத் தருவார்கள். நூறு கிராம் நூலுக்கு ஐம்பது கிராம் தோல். இதற்கு மட்டும் முதலில் பத்துக் கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நூலை அதில் ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்து எடுக்கவேண்டும். பிறகு தேயிலைக்குச் செய்தது போலவே. தங்கம் மாதிரி ஒரு மஞ்சள் வரும், தோல் கூடினால் செம்மஞ்சள். பலா வைரத்தின் மரத்தூளும் படிகாரத்தோடு நல்ல மஞ்சள் தரும். பௌத்த பிக்குமாரின் உடைக்கு அந்தக் காலத்தில் அதைத்தான் அவித்தார்கள். மரம் விற்கும் மரக்காலையில் கேட்டால் கிடைக்கும்.

பீட்ரூட்டை நம்பாதீர்கள். நுவரெலியாப் பக்கம் விளையும் கிழங்கைப் பார்த்தால் ஆசை வரும், சட்டியில் ரத்தச் சிவப்பாக நிற்கும், நானும் ஏமாந்தேன். இரண்டு துவையலில் வெளிறிப்போய்விட்டது. கறிக்குப் போடும் மஞ்சள் தூளும் அப்படித்தான், ஏறுவது சுலபம், வெயிலில் பறந்துவிடும்.

தொப்பிக்கு வருவோம். ஸ்வெட்டரில் இருந்து பிரித்த நூல் மெல்லியதாக இருக்கும். இரண்டு அல்லது மூன்று இழையைச் சேர்த்துப் பிடியுங்கள். ஊசி நான்கு மில்லிமீற்றர் தடிப்பு. ஐம்பது கிராம் நூல் போதும்.

கண்ணி ஏற்றுவதையும் நேர்க்கண்ணி, எதிர்க்கண்ணி போடுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்டினால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஆளில்லாதவர்களுக்குப் பெரியம்மா சொன்ன மாதிரியே சொல்கிறேன். நேர்க்கண்ணிக்கு நூல் ஊசிக்குப் பின்னால். வலது ஊசியைக் கண்ணிக்குள் முன்பக்கம் இருந்து பின்பக்கமாகக் குத்து, நூலைச் சுற்று, இழுத்து வெளியே எடு, பழைய கண்ணியை இறக்கிவிடு. எதிர்க்கண்ணிக்கு நூல் முன்னால். ஊசியைப் பின்பக்கம் இருந்து முன்பக்கமாக நுழை, மற்றதெல்லாம் அதேதான். குத்து, சுற்று, எடு, இறக்கு. இந்த நாலு சொல்லையும் வாயில் சொல்லிக்கொண்டே பின்னுங்கள், கை பழகிவிடும்.

முதலில் ஒரு சிறு சதுரம் பின்னிப் பத்து சென்ரிமீற்றரில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். இதை யாரும் செய்யமாட்டார்கள், செய்யாதவர்களின் தொப்பி ஒன்று தாத்தாவுக்குப் போகும், அல்லது பொம்மைக்குப் போகும். எனக்கு இருபது கண்ணி வரும். ஒரு வயதுக் குழந்தையின் தலைச்சுற்று சுமார் 46 சென்ரிமீற்றர், தொப்பி இழுபடும் என்பதால் 42 போதும். ஆக 84, தையலுக்கு இரண்டு கூட்டி 86 கண்ணி.

விளிம்புக்கு இரண்டு நேர், இரண்டு எதிர் என்று மாறி மாறி நாலு சென்ரிமீற்றர். திரும்பி வரும் வரியில் இரண்டு எதிரில் தொடங்கினால் மேடு மேட்டின் மேலேயே விழும். இந்தப் பகுதிதான் காதை இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் முன்பக்க வரி முழுக்க நேர், பின்பக்க வரி முழுக்க எதிர் என்று, அடியிலிருந்து அளந்தால் 13 சென்ரிமீற்றர் வரும் வரை.

உச்சிக்குக் குறைக்கும் வரிகள் எல்லாம் முன்பக்கத்தில். ஓரக் கண்ணி ஒன்று, பிறகு ஐந்து நேர் போட்டு அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவதைப் பன்னிரண்டு தடவை, கடைசியில் ஓரக் கண்ணி ஒன்று. 86 இப்போது 74 ஆகும். எதிர்க்கண்ணியில் திரும்பி வாருங்கள். அடுத்த முன்பக்க வரியில் ஐந்துக்குப் பதில் நாலு, அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று. மீதி 26. கடைசியாக ஒரு வரி முழுக்க இரண்டிரண்டாகச் சேருங்கள், 13 மிஞ்சும். நூலை நீளமாக வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, பதின்மூன்றையும் அதில் எடுத்துச் சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டி, அதே நூலால் பக்கத்தைத் தைத்துக்கொண்டு கீழே வாருங்கள். உள்பக்கத் தையல் தடிப்பாக இருந்தால் குழந்தையின் தலையில் உறுத்தும், ஓரக் கண்ணியின் பாதியை மட்டும் பிடித்துத் தையுங்கள்.

தாடையில் கட்ட நாடா வேண்டும் என்று தாய்மார் கேட்பார்கள். தூங்கும்போது கழுத்தில் சுற்றும் என்று மடுவத்தில் நான் எந்தத் தொப்பிக்கும் நாடா வைத்ததில்லை. தூங்க வைக்கும்போது தொப்பியையே கழற்றிவிடுவது நல்லது.

துவைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர், ஷம்பூ, கசக்காமல் அழுத்திப் பிழிந்து, துவாயின் மேல் விரித்து நிழலில் காயவிடுங்கள். தேயிலைச் சாயம் நன்றாகவே தாங்கும், இருந்தாலும் நேர் வெயிலில் நாள் முழுக்கப் போட்டுவைத்தால் எந்த இலைச் சாயமும் மெல்ல வெளிறும்.

மிஞ்சிய நூலில் இரண்டு மூன்று மீற்றரை ஒரு கடதாசித் துண்டில் சுற்றி, தேதியும் எந்தத் தேயிலை என்பதும் எழுதி, குழந்தையின் தாயிடம் தொப்பியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தேயிலைச் செடிக் கம்பில் மாட்டி எங்காவது கிழியும். அன்றைக்கு மறுபடி சாயம் காய்ச்சினால் இதே நிறம் வராது.